கடைசி பீரியட்

"மார்ல என்ன கட்டி, ஓரின்?"

"கொசு கடிச்சிருக்கும்."

"பிப்ரவரியிலயா? இந்தக் குளிர்ல கொசு வந்தா அதுக்கே ஸ்வெட்டர் போடணும். கிளம்பு."

மூன்று வருடங்களுக்கு முன், அமெரிக்காவின் டுலூத்தில் ஏரி உறைந்து கிடந்த ஒரு காலையில் நடந்த பேச்சு அது. அன்று மனைவி மார்லிஸ் விட்டுக்கொடுத்திருந்தால், இன்று தான் உயிரோடு இல்லை என்பது ஓரினுக்குத் தெரியும். தினமும் அவளுக்குக் காபி போட்டுக் கொடுக்கும்போது மனதுக்குள் ஒரு நன்றியும் சொல்லிக்கொள்வார்.

பெண்களுக்கென்றே அச்சடித்த மருத்துவமனைப் படிவத்தில் 'கடைசி பீரியட் எப்போது?' என்று கேட்டிருந்தது. ஓரின் இருபது வருடங்களாகப் பள்ளியில் ஐஸ் ஹாக்கி பயிற்சியாளர். அவருக்குத் தெரிந்த பீரியட், ஆட்டத்தின் மூன்று பகுதிகள்தான். 'வெள்ளிக்கிழமை. அதில்தான் இரண்டு கோல் வாங்கித் தோற்றோம்' என்று எழுதிக் கொடுத்தார். நர்ஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த நாட்டில் எட்டுப் பெண்களில் ஒருத்திக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது, நூறு நோயாளிகளில் ஒருவர்தான் ஆண், அதனால்தான் படிவம் உங்களை மறந்துவிட்டது என்றாள்.

அறுவை சிகிச்சை முடிந்து அவர் வீட்டில் படுத்திருந்த நாட்களில் ஆட்டக்காரப் பையன்கள் வந்து வாசல் பனியை அள்ளிப் போட்டார்கள். நோய் போய்விட்டது. ஆனால் அது அவர் ரத்தத்திலேயே இருந்த மரபணுவால் வந்தது என்றும், மகள் பிரிட்டாவுக்கும் அது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும் டாக்டர் சொன்னதை மட்டும் அவரால் அவளிடம் சொல்ல முடியவில்லை. மகளுக்குத் தான் கொடுத்த சொத்து இதுதானா என்று நினைத்துப் பேச்சை மாற்றிவிடுவார்.

மூன்று வருடம் இப்படியே போனது. பெற்றோரைப் பார்க்க வந்திருந்த பிரிட்டா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊருக்குக் கிளம்பினாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி விடைபெறுவதற்கே ஒரு மணி நேரம் ஆகும். சோபாவில் ஒரு முறை, கதவருகே ஒரு முறை, கடைசியாகக் காரின் ஜன்னலோரம். சோபாவில் ஓரின் பனியைப் பற்றிப் பேசினார். கதவருகே காற்றைப் பற்றி.

"மூணாவது பீரியட் வந்தாச்சு," என்று மார்லிஸ் அவர் காதோரம் சொன்னாள். "இதுலயும் தோத்துட்டு வராதே."

அவர் காரிடம் போனார். பிரிட்டா ஜன்னலை இறக்கினாள்.

"டயர் எல்லாம் சரியா இருக்குப்பா. இன்னும் என்ன?"

ஓரின் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வந்தது உனக்கும் வரலாம்மா. என் ரத்தத்துல இருக்கு. அம்மா என்னை இழுத்துட்டுப் போனதாலதான் நான் இங்க நிக்கறேன். உன்னை நான் கூட்டிட்டுப் போறேன். ஒரு தடவை ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்துடு, பிரிட்டா."