ரஸ்க் தூள்

அண்ணியின் கட்டிலில் படுத்த முதல் மதியமே மிளகாய்க்குக் கணுக்காலில் சுரீர் என்று ஏதோ கடித்தது.

வீட்டில் வைத்த பெயர் வேறு. அவள் வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர் கண்ணில் தண்ணீர் வரும் என்பதால் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் மிளகாய். அண்ணன் பேக்கரி நடத்துகிறான். கீழே கடை, கடைக்குப் பின்னால் அடுப்பு, அடுப்புக்கு நேர் மேலே இந்தப் படுக்கையறை. அண்ணி காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று போன் வந்ததும், கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓடி வந்திருந்தாள். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம்தான். அதற்காக வராமல் இருக்க முடியுமா?

எழுந்து விளக்கைப் போட்டாள். காலில் சிவப்பாகத் தடிப்புகள், ஒன்றையடுத்து ஒன்று. மூட்டைப்பூச்சியோ என்று மெத்தையைப் புரட்டித் தையல் ஓரமெல்லாம் விரலால் பிரித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. விரிப்பின் மேல் மட்டும் பொடிப்பொடியாக ஏதோ கறுப்பாகச் சிந்திக் கிடந்தது, மிளகை நசுக்கிப் போட்டது போல.

"அண்ணே! இது என்ன கட்டிலா, குப்பைத்தொட்டியா?"

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். தூக்கமில்லாத முகம்.

"கருகின ரஸ்க்கோட தூளா இருக்கும். உங்க அண்ணி படுத்துக்கிட்டே கொறிச்சிருப்பா."

"மாவுப் பண்டமே தொடமாட்டேன், டயட்டுன்னு என்கிட்ட பீத்திக்கிட்டாங்க?"

திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் மிளகாய்க்கு. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். ரஸ்க் வாசனையே இல்லை. உப்புக் கரித்தது. துருப்பிடித்த சாவியை நக்கியது போல இருந்தது. தூவென்று துப்பினாள்.

"ரொம்பத்தான் கருக்கியிருக்கே. இதையா காசு குடுத்து வாங்கறாங்க?"

அண்ணன் சிரிக்கவில்லை. "மிளகா, அவளுக்கு இன்னைக்கு என்னையே அடையாளம் தெரியல. எந்த மருந்துக்கும் காய்ச்சல் இறங்கல. வயித்துல சிவப்புச் சிவப்பா புள்ளி. டெங்கு இல்லையாம், டைபாய்டு இல்லையாம். டாக்டரம்மா என்னென்னவோ கேக்கறாங்க. வீட்டுல நாய் இருக்கா, எலி இருக்கான்னு."

"நீ என்ன சொன்னே?"

"எங்க வீட்டுல எறும்புகூட எட்டிப் பார்க்காதுன்னு சொன்னேன்."

"அடப்பாவி! போன தடவை வந்தப்ப தலைக்கு மேல ஓட்டப்பந்தயமே நடந்துச்சே?"

"அது அப்போ. மருந்து வச்சு எல்லாத்தையும் தீர்த்தாச்சு. இப்ப இல்ல. இல்லாததை இல்லைன்னு சொன்னா பொய்யா?" குரலைத் தாழ்த்தினான். "அந்த ஆஸ்பத்திரி கேன்டீனுக்கே இனி நம்ம பன்னுதான் போகப்போகுது. பேக்கரியப் பார்க்க ஆள் வருவாங்கன்னுதான் எலியவே ஒழிச்சேன். அங்க போய் எலி கிலின்னு வாயத் தொறந்தே, என் பொழப்புல மண்ணு."

அவன் போய்விட்டான்.

மிளகாய் விரிப்பை உருவிக் குளியலறை வாளியில் போட்டுக் குழாயைத் திறந்தாள். அடுத்த நொடி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

கறுப்பாக இருந்த ஒவ்வொரு துகளும் தண்ணீர் பட்டதும் சிவந்தது. சிவந்து, கசிந்து, வால் விட்டு ஓடியது. வெள்ளை விரிப்பு முழுக்கத் துருச் சிவப்பில் கோடுகள். வாளித் தண்ணீரே பழைய புண்ணைக் கழுவியது போல ஆனது.

ரத்தம்.

நாக்கில் இன்னும் அந்தக் கரிப்பு இருந்தது. மூன்று முறை வாய் கொப்பளித்தாள். போகவில்லை.

இந்தத் தூள் எங்கிருந்து வருகிறது? அறைக்குத் திரும்பி, வெறும் மெத்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கறுப்புத் துகள் மெத்தைமேல் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. நிமிர்ந்தாள். தலைக்கு மேலே ஒட்டுப்பலகையில் போட்ட பொய்க்கூரை. இரண்டு பலகை சேரும் இடத்தில் ஒரு இடுக்கு.

"மாஸ்டர்!" என்று மாடிப்படியில் நின்று கத்தினாள். "ஏணியும் துடைப்பமும் எடுத்துக்கிட்டு வாங்க!"

அடுப்பு மாஸ்டர் அரைக்கால் சட்டையோடு, முழங்கால் வரை மாவு படிந்து, முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "நான் பன்னு போடற ஆளா, பலகை தூக்கற ஆளா? எதுவா இருந்தாலும் முதலாளி வரட்டும்மா."

"முதலாளிதான் போயிருக்கார். முதலாளியோட தங்கச்சி இருக்கேன்ல? ஏறுங்க."

மாஸ்டர் ஏணியில் ஏறித் துடைப்பக் கட்டையால் பலகையை மேலே நெம்பினார். முதலில் வந்தது நாற்றம். அடுப்புச் சூட்டில் நாள்கணக்கில் வெந்த, இனிப்பும் அழுகலும் கலந்த நாற்றம். அடுத்து பொலபொலவென்று கறுப்புத் தூள் அவர் முகத்திலேயே கொட்டியது. அதற்குப் பின்னால், காய்ந்த தோல்பை போல ஒன்று சறுக்கிக்கொண்டு வந்து மெத்தையில் பொத்தென்று விழுந்தது. வால் இருந்தது. அதன்மேலேயே இன்னொன்று விழுந்தது.

"ஐயோ அம்மா!" மாஸ்டர் ஏணியிலிருந்து ஏறக்குறைய குதித்தார்.

மிளகாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். கொட்டிய தூளுக்குள் ஏதோ நெளிந்தது. நூல் துண்டு போல வெள்ளைப் புழுக்கள், சாவகாசமாக அந்தக் கறுப்புத் துகளையே தின்றுகொண்டிருந்தன. பார்வையைத் திருப்பினாள். திருப்பிய இடத்தில் மாஸ்டரின் கால்கள்.

மாவு படிந்த வெள்ளைக் கால்களில் கறுப்பாக எள்ளு ஒட்டியிருந்தது. அந்த எள்ளு குதித்தது.

"தெள்ளுப்பூச்சி! மாஸ்டர், வெளியே ஓடுங்க! ஓடுங்கன்னா!"

சொல்லிவிட்டு அவள் மட்டும் ஓடவில்லை. அண்ணன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். தங்கச்சிக்கு மனசு சரியில்லை, கண்டதையும் பார்த்து உளறுகிறாள் என்பான். வாயால் சொன்னால் மழுப்பிவிடுவான். கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒரு எலியை வாலைப் பிடித்துத் தூக்கினாள். எடையே இல்லை. பைக்குள் பை போட்டு முடிச்சு மேல் முடிச்சாக இறுக்கினாள். கீழே கடையில் கைக்கு அகப்பட்டது ஒரு கேக் பெட்டிதான்.

ஆஸ்பத்திரியில் அண்ணியின் வார்டுக்கு வெளியே டாக்டரம்மாவும் அண்ணனும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"மூச்சு வாங்க ஆரம்பிச்சிருக்கு. கிட்னியும் அடி வாங்குது," என்றார் டாக்டரம்மா. "நான் குடுக்கற மருந்து எதுக்குமே அசையாத காய்ச்சல். கடைசியா கேக்கறேன். எலித் தொந்தரவு உண்டா?"

"வீட்டுல எலியே இல்ல டாக்டர்."

மிளகாய் மேஜைமேல் பெட்டியை வைத்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தாள். "கேக்கா? யாருக்குப் பிறந்தநாள்?"

"கிட்ட வராதீங்க சிஸ்டர்."

மூடியைத் திறந்தாள். பெட்டிக்குள் ஜிகினாக் காகிதம், அதன்மேல் பை, பைக்குள் பல்லை இளித்துக்கொண்டு எலி. மூடியின் உட்பக்கம் தங்க எழுத்தில் 'அன்போடு சுட்டது'. கீழே பேக்கரியின் பெயர்.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, உனக்குப் பொண்டாட்டி வேணுமா, பன்னு வேணுமா? வாயைத் தொறந்து சொல்லு."

அண்ணன் பெட்டியைப் பார்த்தான். வார்டுக் கதவைப் பார்த்தான். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"மருந்து வச்சேன் டாக்டர். எல்லாம் அவ கட்டிலுக்கு மேல கூரைக்குள்ளயே போய் செத்துடுச்சு. எடுக்கணும்னு தோணல. எடுத்தா நாலு பேருக்குத் தெரிஞ்சிடும்னு..."

"அவங்க காய்ச்சல்ல படுக்கறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான். ரெண்டு வாரம் இருக்கும்."

டாக்டரம்மா அதற்குமேல் கேட்கவில்லை. நர்ஸிடம் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். "உடனே போடுங்க. டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்." நர்ஸ் ஓடினாள். டாக்டரம்மா மிளகாயிடம் திரும்பினார். "இதை முதல்ல மூடும்மா. எந்தக் காலத்திலயும் இந்த வேலை செய்யாதே. சொன்னாலே போதும்."

"சொன்னா போதும்தான், டாக்டர். இவன் சொல்லவிடணுமே."

டாக்டரம்மா அண்ணன் பக்கம் திரும்பினார். "எலி உடம்புல சூடு இருக்கற வரைக்கும் தெள்ளு அதை விட்டு நகராது. செத்து சில்லிட்டுப் போனா இறங்கிடும். அடுத்த சூடு எங்கேன்னு தேடும். நேர் கீழே ஒரு மனுஷி தூங்கறாங்க. முதல்ல தெள்ளைக் கொல்லணும், அப்புறம்தான் எலியை. நீங்க தலைகீழா செஞ்சுட்டீங்க."

"அது கடிச்சதுதான் காய்ச்சலா?" என்று கேட்டாள் மிளகாய்.

"வெறும் கடியில இல்ல. ரத்தம் குடிச்சுக்கிட்டே அங்கேயே கழியும். அரிக்குதேன்னு சொறிவோம்ல? கிருமியோட இருக்கற அந்தக் கழிவை நம்ம நகத்தாலயே புண்ணுக்குள்ள தள்ளிடறோம். தனக்கு வேண்டியதுக்கு மேல குடிச்சு, மிச்சத்தைக் கறுப்புத் தூளா வெளியே விடும். அதோட குஞ்சுப் புழுவுக்கு அதுதான் சாப்பாடு."

"கறுப்புத் தூள்," என்றாள் மிளகாய். "தண்ணி பட்டா சிவக்குமே, அதா?"

"அதேதான். தெள்ளோட மலம்."

மிளகாய் வராந்தாக் கோடியில் இருந்த கைகழுவும் தொட்டியை நோக்கி ஓடினாள்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அண்ணன் டாக்டரம்மா முன்னால் பேன்ட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். காலுறைக்கு மேலே வளையமாகத் தடிப்புகள். இத்தனை நாளாகக் காலுறையைக் கழற்றாமலே திரிந்திருக்கிறான். சொறிந்து சொறிந்து சீழ் கட்டியிருந்தது. மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள், மாஸ்டரையும் வரவழைத்து.

இரண்டு நாளில் அண்ணியின் காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. கண் விழித்ததும் நாத்தனாரைத்தான் பார்த்தாள்.

"என் கட்டில்ல யாரு படுத்தது?"

"நான்தான் அண்ணி. நீங்க ஒளிச்சு வச்ச ரஸ்க் தூளைக்கூட ருசி பார்த்துட்டேன்."

"நான் எங்கடி ரஸ்க் தின்னேன்?"

"இல்லன்னு இப்பத் தெரியுது. சாகறவரைக்கும் நான் அதை மறக்கமாட்டேன்."

கேன்டீன் ஆள் காலைத் தட்டுகளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவற்றில் இருந்தது அண்ணன் சுட்ட பன் இல்லை. அந்த ஆர்டர் வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது. பேக்கரிக் கதவில் நகராட்சி சீல் தொங்கியது. அண்ணன் ஜன்னலோரம் நின்றுகொண்டு தட்டைப் பார்க்காமல் வெளியே பார்த்தான்.

தட்டில் பொன்னிறமாக ஒரு பன். அதன் தலையில் கறுப்பு எள்ளு.

மிளகாய் டம்ளருக்குள் விரலை விட்டு எடுத்து, எள்ளின்மேல் ஒரு சொட்டு விட்டாள். குனிந்து மூக்கு படுமளவுக்கு உற்றுப் பார்த்தாள். சிவக்கவில்லை. எள்ளு எள்ளாகவே இருந்தது.

ஆனாலும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"உனக்கு வேண்டாமா? இப்படிக் குடு," என்று அண்ணி பன்னை வாங்கி, எள்ளு ஒன்றுகூட உதிராமல், ரசித்து ரசித்துத் தின்றாள்.