இறங்கி வராத ஈறு

டாக்டரம்மா கொடுத்த கண்ணாடியில் டயர்கடைக்காரர் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். கோரைப்பற்கள் வேர் தெரிய நீண்டு நின்றன. டப்பாவில் வரும் குட்டி நிகோடின் பையை உதட்டுக்குள் ஒதுக்கிவைக்கும் பழக்கத்தை அவர் விட்டு மாதக்கணக்காகிறது. ஏறிப்போன ஈறு பழையபடி இறங்கி வரும் என்ற நப்பாசையில்தான் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டார்.

"விட்டப்புறம்தான் டாக்டர் ரத்தமே வருது. வச்சிட்டிருந்தப்ப ஒரு சொட்டு வந்ததில்ல."

"நிகோடின் ரத்தக்குழாயச் சுருக்கி வச்சிருந்துச்சு. உள்ள கெட்டுப்போயிருந்தாலும் வெளிய தெரியாது. இப்பதான் ஈறுக்கு ரத்தம் ஒழுங்காப் போகுது. சுத்தம் பண்ணிட்டா நின்னுடும். எந்தப் பக்கம் வைப்பீங்க?"

சொல்லவே வெட்கமாக இருந்தது. ஒரே இடத்தில் வைத்தால் அரித்துவிடும் என்று, முன் டயரைப் பின்னால் மாற்றுகிற கணக்கில் இடது, வலது, மேல், கீழ் என்று முறைபோட்டு வைத்தவர் அவர். ஊரில் இல்லாத புத்திசாலி! ஒரு பல்லோடு போயிருக்க வேண்டியது, நாலு பக்கமும் சமமாகத் தேய்ந்து கிடந்தது.

"ஏறின ஈறு இறங்குமா டாக்டர்?"

"தானா இறங்காது. இதுக்கு மேல ஏறாமப் பாத்துக்கலாம்."

வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் பாய்ந்தார். "திரும்பி வராதுன்னா நான் எதுக்குடி விட்டேன்?"

"இருக்கிறதையாவது காப்பாத்திக்கத்தான்" என்றாள் அவள், மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் சொன்னது நியாயமாக இருந்ததால் அவருக்கு இன்னும் எரிச்சல் வந்தது. சாப்பிடாமலே கடைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் காற்றடிக்க வேனைக் கொண்டுவந்தான் மனைவியின் தம்பி. மாமாவின் முகத்தைப் பார்த்ததும் சட்டைப்பையிலிருந்து வட்ட டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினான்.

"ஏன் மாமா உம்முன்னு இருக்கீங்க? ஒண்ணு வைங்க, எல்லாம் சரியாயிடும்."

அவருக்கு எச்சில் ஊறியது. போனது போனதுதான், இனி வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன? கை தானாக நீண்டது. பாதியில் என்ன தோன்றியதோ, கேட்டார்.

"மாப்ளே, ஒனக்கு ஈறுல ரத்தம் வருமா?"

"எனக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க! இத்தன வருஷத்துல ஒரு சொட்டு வந்ததில்ல மாமா. கல்லு மாதிரி இருக்கு, பாருங்க."

டப்பாவை நீட்டியபடியே, மறு கையால் பெருமையாக உதட்டைத் தூக்கிக் காட்டினான். ஈறு ரத்தமில்லாமல் வெளிறிச் சுருங்கி, பல்லின் வேர் தெரிய ஏறியிருந்தது.