ஒரே பெட்டி

கணவர் இறந்தபின் அக்காவுக்கு மிஞ்சியது அவர் அனுப்பிய மெயில்கள்தான். தம்பி அவற்றைப் இணையத்தில் வாடகைக்கு எடுத்த புது மெய்நிகர் சர்வருக்கு மாற்றி, போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே பெட்டியாகத் தெரியும்படி ஐமேப் முறையில் அமைத்துக் கொடுத்தான். பழைய சர்வரை அன்று காலைதான் அழித்திருந்தான்.

"போன்ல இடமே இல்லடா, சர்வர் டாக்டரே. மாமா மெயிலையெல்லாம் அழிச்சு, குப்பையையும் காலி பண்ணிட்டேன். அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே," என்று சொல்லிக்கொண்டே அக்கா கம்ப்யூட்டரைப் போட்டாள்.

பழைய முறையில் போனில் அழித்தால் போனில் மட்டும்தான் போகும். இதில் ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் போய்விடும். அதை அவளிடம் சொல்லிவைக்கத் தம்பி மறந்திருந்தான்.

திரையில், முன்பே இறங்கியிருந்த மெயில்களில் மாமாவின் பெயர் வரிசையாக நின்றது. சர்வரோடு இணையுமுன் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கப் பாய்ந்தான். அதற்குள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின.

"எங்கடா போறாரு?" என்றாள் அக்கா.