மங்கை பரிசல் ஓட்டிய நாள்

நெட்டுக்குப்பத்து மங்கைக்கு நாற்பத்து மூன்று வயது. அதில் தண்ணீருக்குள் கழித்த நேரத்தை மட்டும் கூட்டினால் பத்து வருடமாவது தேறும். எண்ணூர்க் கழிமுகத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, ஓலைப் பையின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பவள் அவள். மின் நிலையத்துச் சாம்பல் படிந்த அந்தச் சேற்றில் எந்த இடத்தில் சிப்பி கிழிக்கும், எந்த இடத்தில் கால் புதையும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

ஆனால் ஒருமுறைகூட அவள் படகில் ஏறியதில்லை. அப்பாவுக்குப் படகு இருந்தது, அண்ணன்களுக்கு இருந்தது. புருஷன் திருமலை காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவன். படகைத் தள்ளிக் கொடுத்திருக்கிறாள், கழுவி விட்டிருக்கிறாள், அதன் நிழலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்திருக்கிறாள். ஏறாதே என்று யாரும் சொன்னதில்லை. ஏறு என்றும் சொன்னதில்லை. குப்பத்தில் பெண்கள் ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

இவர்களுடைய ஒரே மகள் மோகனப்ரியா தருமபுரியில் நர்சிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மீன்பிடித் தடைக்காலம் வந்து திருமலை வீட்டோடு இருந்த மே மாதத்தில், இப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று போனில் நச்சரித்து இரண்டு பேரையும் வரவழைத்துவிட்டாள்.

பஸ் ஆம்பூரைத் தாண்டியபோதே மங்கை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். அவள் பார்த்து வளர்ந்த உயரமெல்லாம் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியும் துறைமுகத்துக் கிரேனும்தான். இங்கே மலைகள் சாலையோடு கூடவே நடந்து வந்தன. ஒன்று முடிந்தது என்று நினைப்பதற்குள் அதன் பின்னாலிருந்து இன்னொன்று எட்டிப் பார்த்தது. திருமலையை எழுப்பிக் காட்டினாள். அவன் பார்த்துவிட்டு, கல்லுதானே என்று சொல்லி மறுபடி தூங்கிப்போனான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மோகனப்ரியா இருவரையும் ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போனாள். பென்னாகரம் தாண்டி பஸ் மலையிலிருந்து வளைந்து வளைந்து கீழே இறங்கியது. இறங்கி நடந்தால் வழியெல்லாம் மீன் வறுக்கும் வாசனை, எண்ணெய்த் தேய்ப்புக்குக் கூப்பிடுகிற ஆட்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஈரத்தலையோடு வருகிற அப்பாக்கள். திருமலை ஒரு மீன் கடை முன்னால் நின்று, தட்டில் இருந்த ஆற்று மீனைப் புரட்டிப் பார்த்து, இதிலெல்லாம் இன்னா ருசி இருக்கப்போகிறது என்று கடைக்காரி காதுபடவே சொன்னான். மோகனப்ரியா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பரிசல் ஓட்ட வந்தவர் பெயர் நீலமேகம். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். மூன்று பேருக்கும் மிதவைச் சட்டையைக் கொடுத்து, வார்களை இழுத்துக் கட்டிவிட்டார். முதலில் பாறைகள் மேல் கொஞ்சம் நடக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பரிசல் என்றார். சொல்லிவிட்டு, அவ்வளவு பெரிய மூங்கில் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பெரிய கூடைக்கு இரண்டு கால் முளைத்து நடப்பதுபோல் இருந்தது.

பாறைகள் வெயிலில் சூடேறிக் கிடந்தன. ஆறு அந்தப் பாறைகளில் வழுவழுப்பான பள்ளங்களைக் குடைந்து வைத்திருந்தது. சிலவற்றுக்குள் ஓர் ஆள் உட்காரலாம். மங்கை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். கால் அவளுக்கு வழுக்கவில்லை. கடலுக்குப் போகிற திருமலைதான் இரண்டு இடத்தில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டான். இன்னொரு குடும்பம் எதிரில் வந்தது. நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று, தன்னை யாரும் தூக்கக் கூடாது என்று அடம்பிடித்துத் தவழ்ந்தே பாறையைக் கடந்துகொண்டிருந்தது.

கடைசிப் பாறையின் விளிம்பில் போய் நின்றபோதுதான் மங்கை கீழே பார்த்தாள். கையில் இருந்த செருப்பை மறந்துபோய் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

மலையை யாரோ கத்தியால் கீறி இரண்டாகத் திறந்து வைத்தது போலிருந்தது. இந்தப் பக்கம் ஒரு பாறைச் சுவர், அந்தப் பக்கம் ஒரு பாறைச் சுவர். கறுப்பும் பழுப்புமாக, வரிவரியாக, நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். இரண்டுக்கும் நடுவே ஆறு பச்சையாக, சத்தமே இல்லாமல் கிடந்தது. தூரத்தில் அருவிகள் கொட்டுகிற இரைச்சல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. வேறு சத்தம் எதுவும் இல்லை. லாரி இல்லை, இயந்திரம் இல்லை. காதில் இத்தனை நாளும் ஏதோ அடைத்துக்கொண்டிருந்து இப்போதுதான் விட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

“ஏறுங்கக்கா,” என்றார் நீலமேகம், பரிசலைத் தண்ணீரில் இறக்கிக் காலால் பிடித்துக்கொண்டு.

மங்கை நகரவில்லை. மோகனப்ரியா ஏறி உட்கார்ந்துவிட்டாள். திருமலை ஒரு காலை உள்ளே வைத்தவன் திரும்பிப் பார்த்தான். பொண்டாட்டி ஏன் நிற்கிறாள் என்று அவனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் அவளைத் தண்ணீர்மேல் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது போல.

“வா மங்க,” என்று கையை நீட்டினான்.

அவள் ஏறினாள். பரிசல் அவள் எடைக்கு மெல்லக் குழைந்து கொடுத்தது. கரையை விட்டு இரண்டு ஆள் தூரம் போனதும் அவள் கையை வெளியே விட்டுத் தண்ணீரைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. ஒரு கை அள்ளிக் குடித்தாள். உப்பில்லை. இத்தனை தண்ணீர் மொத்தமும் உப்பில்லாமல் ஓடுகிறது என்பதே அவளுக்குத் தாங்கவில்லை. பிறகு நீலமேகத்திடம் ஆழம் எவ்வளவு என்று கேட்டாள்.

“நாங்க யாரும் அடியப் பாத்ததில்லைங்க,” என்றார் அவர்.

தண்ணீர் என்றால் அவளுக்கு அடியில் தரை இருக்கும். உட்கார்ந்தால் சேறு, எழுந்து நின்றால் இடுப்பளவு. இப்போது மூங்கில் பிளாச்சுக்கும் தார் பூசிய சாக்குக்கும் கீழே அடியில்லாத தண்ணீர் இருந்தது. அவள் பரிசலின் விளிம்பை இறுகப் பிடித்தாள். ஆனால் அது பயம் மட்டும் இல்லை. கோயிலில் திரை விலகும்போது வருகிற நடுக்கமும் அதில் கலந்திருந்தது.

பரிசல் சுவரை ஒட்டிப் போனது. பாறை இடுக்குகளில் வேர்விட்ட செடிகள் தலைகீழாகத் தொங்கின. ஓரிடத்தில் மேலிருந்து மெல்லிய அருவி ஒன்று நூலாக இறங்கி, பாதி வழியிலேயே காற்றில் சிதறி, இவர்கள் மேல் வெறும் ஈரமாக விழுந்தது. மோகனப்ரியா செல்போனை எடுத்துப் படம் பிடித்துப் பார்த்தாள். சுவர் முழுசாக அதில் அடங்கவே இல்லை. போனைப் பையில் போட்டுவிட்டு அவளும் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தாள். இன்னொரு பரிசலில் ஒரு பெண் சோளப்பொரியும் தண்ணீர் பாட்டிலும் விற்றுக்கொண்டு, தானே துடுப்புப் போட்டு, சாவகாசமாக எதிரே வந்து தாண்டிப் போனாள். மங்கை அவளை அவள் மறைகிறவரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

நீரோட்டம் அடங்கிய ஓர் இடத்தில் திருமலையால் சும்மா இருக்க முடியவில்லை. தானும் கடல்காரன்தான், கொஞ்சம் கொடு என்று துடுப்பைக் கேட்டான். நீலமேகம் சிரித்துக்கொண்டே கொடுத்தார். திருமலை பின்னுக்குத் தள்ளிப் போட்டான். பரிசல் வலப்பக்கம் சுற்றியது. மாற்றிப் போட்டான். இடப்பக்கம் சுற்றியது. நாலு தடவை சுற்றி, புறப்பட்ட இடத்திலேயே நின்றது.

“இதுக்கு மூஞ்சி எது, முதுகு எதுன்னே தெர்ல,” என்றான், தலையைப் பிடித்துக்கொண்டு. முப்பது வருடம் அலையில் ஆடாத தலை இந்த முறத்தில் சுற்றிவிட்டது. மகள் சிரித்ததில் பரிசல் குலுங்கியது.

மங்கை சிரிக்கவில்லை. அவள் அதுவரை நீலமேகத்தின் கையையே பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் தண்ணீரைத் தள்ளவில்லை; முன்னால் துடுப்பை ஊன்றி, தண்ணீரைத் தன் பக்கமாக வாரி இழுத்தார். அது அவளுக்குத் தெரிந்த வேலை. சேற்றில் உட்கார்ந்து அவள் கைகள் வருடக்கணக்காகச் செய்ததும் அதுதான்: எட்டிப் போய், வாரி, தன்னிடம் இழுப்பது.

“நா ஒரு தபா போட்டுப் பாக்கவா?” என்று கேட்டாள்.

கேட்டது திருமலையையா நீலமேகத்தையா என்று அவளுக்கே தெரியவில்லை. திருமலை துடுப்பை நீட்டினான். நீலமேகம் அவளை முன்பக்கம் மண்டியிட்டு உட்காரச் சொல்லிவிட்டு, தான் பக்கத்திலேயே குந்திக்கொண்டார். அதோ அந்தத் திருப்பத்தில் வெள்ளைக் கோடு போட்ட பாறை வரைக்கும்தான், அதற்கு மேலே தான் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

முதல் இழுப்பில் பரிசல் கொஞ்சம் முகம் திருப்பியது. இரண்டாவதில் நேரானது. மூன்றாவதில் முன்னே போனது. அவள் எட்டினாள், வாரினாள், இழுத்தாள். அவள் இழுக்க இழுக்கச் சுவர்கள் இரண்டும் பின்னே நகர்ந்தன. அத்தனை பெரிய மலை தன் கைக்கு நகர்கிறதே என்று நினைத்து இன்னும் எட்டி வாரினாள். துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் சுவரில் பட்டு இரண்டு மடங்காகக் கேட்டது.

பாறைக்கு இன்னும் நாலு பரிசல் தூரம் இருந்தது. மேலே தண்ணீர் கண்ணாடிபோல் அசையாமல்தான் இருந்தது. ஆனால் துடுப்பு வழியாக அவள் மணிக்கட்டுக்கு ஏதோ வந்தது. அடியிலிருந்து, மெதுவாக, ஒரு பெரிய கை துடுப்பைப் பிடித்துத் தன்பக்கம் இழுப்பது போல. அவள் யோசிக்கவில்லை. துடுப்பை இடப்பக்கம் ஆழமாக ஊன்றி, மூன்று முறை முழு மூச்சாக வாரி இழுத்தாள். பரிசல் விலகிச் சுவரை ஒட்டிய மெத்தென்ற தண்ணீருக்குள் வந்து நின்றது.

துடுப்பை வாங்க நீட்டிய கையோடு நீலமேகம் அப்படியே இருந்தார்.

“அந்த எடத்துல அடியில இழுப்பு இருக்கு. நான் சொல்லவே இல்லீங்களே, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

“கைக்குத் தெரிஞ்சிது,” என்றாள் மங்கை.

சொல்லிவிட்டு அவள் அந்தத் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தாள். தான் தொட்டது என்ன என்பது அப்போதுதான் மனதுக்கு எட்டியது. இந்த மலையைக் கீறித் திறந்தது அந்த இழுப்புதான். இத்தனை அமைதியாக மேலே படுத்துக்கொண்டு, அடியில் இன்னும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அது தன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அவள் துடுப்பை மடியில் வைத்து இரண்டு கையையும் கூப்பினாள்.

நீலமேகம் துடுப்பைத் திருப்பி வாங்கி அந்தத் திருப்பத்தைக் கடந்தார். அதற்கப்பால் சுவர்கள் கொஞ்சம் விலகி, நடுவே ஒரு மணல் திட்டு இருந்தது. ஏழெட்டுக் குடும்பங்கள் முழங்கால் தண்ணீரில் குழந்தைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தன. மோகனப்ரியா சுடிதாரோடு தண்ணீரில் இறங்கிப் படுத்துவிட்டாள்.

மங்கையும் திருமலையும் மணலில் உட்கார்ந்தார்கள். அவள் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் கிளம்பியிருந்தது. திருமலை அந்தக் கையை எடுத்துப் பார்த்தான். கொப்புளத்தின் மேல் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டான்.

பிறகு, தடைக்காலம் முடிவதற்குள் அவளுடைய அண்ணனின் ஃபைபர் படகைக் கேட்டு வாங்கி, முகத்துவாரம் தாண்டி, கடலில் காட்டுப்பள்ளிப் பக்கம் வரைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான். ஊரில் ஏதாவது பேசுவார்களே என்று அவள் கேட்டாள்.

“பேசுவாங்கதான்,” என்றான் திருமலை. “அத்தினி பேரும் கரையில நின்னு பாக்கட்டும். பட்டப்பகல்லயே போலாம்.”

அவள் சரி என்று தலையாட்டினாள். வேறு எதையும் இப்போது யோசிக்க முடியவில்லை. சுவர்களுக்கு நடுவே வானம் ஒரு நீல நாடாவாக ஓடியது. கழுகு ஒன்று இந்தச் சுவரின் உச்சியிலிருந்து கிளம்பி, சிறகை அசைக்காமலே, அந்தப் பக்கத்துக்கு மிதந்து போய்க்கொண்டிருந்தது. மங்கை மணலில் அப்படியே மல்லாந்து படுத்து, அது போய்ச் சேருகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.