காற்றை நிறுத்தினது ஆர்?

1

இந்தக் கதை என்னிடம் ஒரு கேள்வியாகத்தான் வந்தது. இரும்புத் தொட்டி நிறையக் காற்று இருக்கிறது. அழுத்தம் காட்டும் முள்ளும் நிறைவு என்கிறது. வால்வு திறந்திருக்கிறது. பிறகு ஏன் காற்று வெளியே வரவில்லை?

கேட்டவள் சுகந்தினி. வவுனியா நெளுக்குளத்துக்காரி, பொறியியலாளர். முல்லைத்தீவுக் கடற்கரையில் மீனவர் சங்கத்தின் ஐஸ் ஆலைக்கு (சங்கமும் ஆலையும் என் கற்பனை) அந்தத் தொட்டிகளை வைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

[சற்று விளக்க விடுங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பகலில் கூரையிலுள்ள சூரியத் தகடுகள் தேவைக்கு மேல் மின்சாரம் தரும். மின்சாரத்தைச் சாக்கில் கட்டி வைக்க முடியாது. ஆகவே அதைக்கொண்டு காற்றைத் தொட்டிக்குள் நெருக்கி அடைப்பார்கள். பொழுதுபட்டு ஊர் முழுவதும் ஒரேயடியாக விளக்குப் போடும்போது காற்றைத் திறந்துவிடுவார்கள். அது சுழலியைச் சுற்றும். மின்சாரம் ஊர்க் கம்பியில் ஏறும்.]

மாரி தொடங்கியதிலிருந்து, திறந்த சற்று நேரத்தில் சுழலி இருமி நின்றுவிடுகிறது. மறுநாள் காலை சுகந்தினி வவுனியாவிலிருந்து வந்து கழற்றிப் பார்த்தால் வால்வில் ஒரு பழுதும் இல்லை.

2

முதல் வரைவில் ஒரு கள்ளனை வைத்தேன்.

டிலக்ஸன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வால்வை மெல்ல...

இந்த வரியை அழிக்காமல் விடுகிறேன். டிலக்ஸன் ஆலையின் காவலாளி, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கடலில் தோள்மூட்டு விலகிய பிறகு வள்ளம் ஏற முடியாதவன். இந்த வேலை போனால் அவனுக்கு வேறு வேலை இல்லை. சுழலி நின்றால் டீசல் இயந்திரத்தை ஓட்டுபவனும் அவன்தான். டீசல் ஓடினால் கொஞ்சம் போத்தலில் வீட்டுக்குப் போகும் என்று ஊரில் ஒரு கதை. கள்ளனாக்க வேறென்ன வேண்டும்?

சங்கத் தலைவர் மரியநேசனும் என்னைப் போலத்தான் நினைத்தார். கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சுகந்தினியைக் கேட்டார்.

"மிஸ், உங்கட மிசினில பிழையோ, எங்கட ஆளில பிழையோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

"மிசினில பிழை இல்லை."

"அப்ப சரி. தம்பி, நாளையில இருந்து நீ வர வேண்டாம்."

"அண்ணை, நான் அதைத் தொடவே இல்லை. மாதா மேல சத்தியம்!"

"மாதாவை இழுக்காதை. அவாவுக்கு டீசல் தேவையில்லை."

சிலர் சிரித்தார்கள். டிலக்ஸன் ஒருவரையும் பாராமல் வெளியேறினான்.

3

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அன்று பின்னேரம் மழை கனத்தது. வவுனியா பஸ்ஸைத் தவறவிட்ட சுகந்தினி ஆலையிலேயே நின்றாள். தன் கையாலேயே காற்றைத் திறந்தாள். சுழலி சுற்றியது, இருமியது, நின்றது.

பக்கத்தில் ஒரு குருவிகூட இல்லை.

தொட்டியை அடைத்துவிட்டு ஓடிப்போய் வால்வைக் கழற்றினாள். அது வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்ட விரல் ஒட்டிக்கொண்டது. வால்வின் வாய் முழுக்கப் பனிக்கட்டி.*

(முல்லைத்தீவில். வியர்த்துக்கொண்டு நிற்கும் ஒருத்தியின் கையில்.)

"ஐயோ, என்ர வாயால அல்லோ அந்த மனுசனை" என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. என்னாலும் முடிக்க முடியவில்லை.

* சைக்கிளுக்குக் காற்றடித்தபின் பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். நெருக்கினால் காற்று சூடாகும், விரிந்தால் குளிரும். அந்தக் குளிரில் காற்றிலுள்ள ஈரம் உறைந்து வழியை அடைத்துவிடும். காலையில் வந்து பார்ப்பவளுக்கு அது வெறும் தண்ணீர்த் துளி.

4

பொறியியலாளருக்கு இது முன்பே தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். அதற்காகத்தான் காற்றை நெருக்கும்போது வரும் சூட்டை ஒரு மூடிய தண்ணீர்த் தொட்டியில் சேமித்து, பின்னேரம் அதைக் காற்றுக்கே திருப்பிக் கொடுக்க வழி செய்திருந்தாள். (சூட்டைக் காட்ட ஒரு கருவி வைக்காதது அவளுடைய பிழை.) இப்போது அந்தத் தொட்டியில் கை வைத்தாள். கிணற்றுத் தண்ணீர்போலக் குளிர்ந்தது.

தொட்டியிலிருந்து அவள் பொருத்தாத ஒரு குழாய் பின்சுவரைத் தாண்டிப் போயிற்று. அது முடிந்த இடம் கருவாட்டுக் கொட்டில். குழாய்களின் மேல் வலை, வலையில் பிளந்த மீன். கருவாடு போடும் பெண்களில் மூத்தவளான நேசமலர் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தக் குழாயை ஆர் பூட்டினது?"

"மாரியில வெயிலுக்கு எங்க போறது பிள்ளை? சூடு சும்மா தண்ணிக்குள்ள கிடக்குதெண்டு மரியநேசன்தான் ஆள் விட்டுப் பூட்டித் தந்தவர்."

"அது சும்மா கிடக்கேல்லை அக்கா. பின்னேரம் காத்துக்குக் குடுக்க வச்சிருந்தது."

"காத்துக்கும் குளிருமோ? போர்வை ஒண்டு தரட்டே?" சிரித்தவள் சுகந்தினியின் முகத்தைக் கண்டு நிறுத்தினாள். "என்ன பிள்ளை, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?"

"டிலக்ஸன்ர வேலை போனது இந்தக் கருவாட்டால, அக்கா."

நேசமலர் மீனைக் கீழே வைத்தாள். "கருவாடு வாய் திறந்ததோ? சொன்னது நீயல்லோ."

5

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். மரியநேசன் டிலக்ஸனின் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்கிறார்: நானே நம்பவில்லை. டிலக்ஸன் சிரித்துக்கொண்டே வேலைக்குத் திரும்பு...: கை கூசியது, விட்டுவிட்டேன்.

வரைவில் நின்றது இது மட்டும். மறுநாள் பின்னேரம் சுகந்தினி அதே ஆட்களைக் கூட்டினாள். டிலக்ஸனையும் வரச் சொல்லி, எல்லோரும் காண வால்விலிருந்து தூரத்தில் நிறுத்தினாள். காற்றைத் திறந்தாள். சுழலி நின்றது. பனி பிடித்த வால்வு கை மாறி மாறிப் போனது. தொட்ட ஒவ்வொருவரும் வெடுக்கென்று கையை இழுத்தார்கள்.

"கள்ளன் இதுதான். பிழை எங்களில," என்றாள். "பாக்காமச் சொன்னது நான். கேக்காமக் குழாய் பூட்டினது தலைவர்."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

டிலக்ஸன்தான் கேட்டான்: "அப்ப நாளைக்கும் மிசின் நிக்குமோ, மிஸ்?"

அவன் வேலைக்குத் திரும்பினானா என்பதை நான் எழுதப்போவதில்லை. அத்தனை பேர் முன்னால் நீங்கள் கள்ளனாக நின்றிருந்தால் என்ன செய்வீர்களோ, அதை எழுதிக்கொள்ளுங்கள். அவன் கேட்டதற்கு மட்டும் என்னிடம் விடை உண்டு.

கருவாட்டுக் குழாயைக் கழற்றியாயிற்று. வலைகள் ஐஸ் இயந்திரத்தின் பின்புறம் போய்விட்டன. தண்ணீரை உறைய வைக்கும்போது பிடுங்கும் சூட்டை இயந்திரம் அங்கேதான் வெளியே ஊதுகிறது, மீன் காய அது போதும். காற்றை நெருக்கும்போது வரும் சூடு பின்னேரம்வரை தண்ணீரிலேயே இருக்கிறது. காற்று அந்தச் சுடுதண்ணீரைச் சுற்றி வந்த பிறகே வால்வுக்குள் நுழைகிறது. பனி பிடிப்பதில்லை. சுழலி ஓடுகிறது.