எட்டு பத்து வண்டி

“பர்மிட்டோட டைம் ஷீட்டை எடுத்து மேஜை மேல வைங்க,” என்றேன்.

அதை மட்டும் கேட்காதே என்று டெம்போ சங்கத் தலைவர் அன்வருதீன் பாய் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். பஸ்காரர் காகிதத்தைக் காட்டினால் எங்கள் காகிதத்தையும் கேட்பார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏற்ற எங்கள் மூன்று சக்கர டெம்போக்களுக்கு அனுமதி இல்லை. மெரினா படித்த பெண், கையெழுத்து நன்றாக இருக்கும், சமாதானம் பேசுவதை எழுதினால் போதும் என்றுதான் என்னைக் கூட்டி வந்திருந்தார். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அடுத்தவர் பேச்சைப் படியெடுக்க அதை வாங்கவில்லை.

பஸ் முதலாளி அமலநாதன் சிரித்தார். “பாப்பா எழுத வந்திச்சா, வாதாட வந்திச்சா?”

“எழுதத்தான் சார். எதை எழுதறதுன்னு தெரிய வேணாமா?”

மூன்று வாரம் முன்பு இதே இரண்டு பேரும் டீக்கடையில் ஒரு சமாதானம் பேசினார்கள். சாரம் நிறுத்தத்தில் எட்டு பத்து வண்டி போன பிறகுதான் டெம்போ ஆள் ஏற்ற வேண்டும். கை குலுக்கினார்கள், யாரும் எழுதி வைக்கவில்லை. மறுநாளே தகராறு. டெம்போக்காரர்கள் எட்டு பத்து வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பஸ்ஸைக் காணோம் என்றதும் ஏற்றினார்கள். பிறகு வந்த பஸ்ஸுக்கு ஒரு ஆள் மிச்சமில்லை. நீ திருடன் என்றார்கள் பஸ்காரர்கள். வேண்டுமென்றே லேட்டாக வந்து எங்கள் அடுத்த நடையைக் கெடுக்கிறாய் என்றார்கள் எங்கள் ஆட்கள். போன திங்கட்கிழமை பஸ் கண்ணாடியில் கல் விழுந்து கண்டக்டர் பாரதிக்கு நெற்றியில் ஏழு தையல். பதிலுக்கு என் அப்பா ஜோசப் ஆனந்துக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. கல்லை எறிந்தது அப்பா இல்லை. அவர் சீட்டை விட்டு இறங்கவே இல்லை. நாளைக்குச் சாரத்துக்கு ஒரு டெம்போ போனால் இன்னொரு கை உடையும். போகாவிட்டால் அந்தத் தடம் எங்களுக்கு இல்லை.

அமலநாதன் அசையவில்லை. பாரதிதான் கட்டுப் போட்ட தலையோடு எழுந்து, டிக்கெட் பையிலிருந்து நான்காக மடித்த நகலை எடுத்து என் முன்னால் போட்டார். “பாரு. எங்க டைம்ல ஒரு நிமிஷம் தப்பு இருந்தா சொல்லு.”

படித்தேன். பஸ் ஸ்டாண்டில் எடுப்பது 8.10. சாரம் 8.22.

“பாய், எட்டு பத்து வண்டின்னா எது?”

“எட்டு பத்துக்குச் சாரத்துக்கு வர்ற வண்டி.”

பாரதியைக் கேட்டேன். “எட்டு பத்துக்கு ஸ்டாண்டுல எடுக்கற வண்டி. வேற எது?”

காகிதத்தை மேஜை நடுவில் திருப்பி வைத்தேன். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள்.

“பன்னெண்டு நிமிஷம்,” என்றார் பாரதி. “இதுக்கா என் மண்டையப் பொளந்தீங்க?”

“இதுக்கா எங்கப்பா கைய உடைச்சீங்க?”

பாரதி உட்கார்ந்துவிட்டார். “வீல் ஸ்பேனர எடுத்தது நான்தான். எழுதிக்கோ.”

எழுதினேன். கல்லெறிந்தது தன் ஆள்தான் என்று பாய் முணுமுணுத்ததையும் அதற்குக் கீழேயே எழுதினேன்.

அமலநாதன் கையை நீட்டி எங்கள் பர்மிட்டைக் கேட்டார். பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்பாவுடையதை எடுத்து வைத்தேன். “ஆளாளா ஏத்த இதுல அனுமதி இல்ல. தப்புதான். ஆனா உங்க பஸ்ஸு மெயின் ரோட்டோட போயிடுது. உள்தெரு சனத்தை யார் சார் ஏத்தறது?”

அமலநாதன் அதைப் படித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். அனுமதிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே மனு கொடுக்கலாம், இப்போதைக்கு எட்டு இருபத்திரண்டு என்று எழுது என்றார். கூடவே, கை உடைந்ததற்கு நாங்கள் கொடுத்த போலீஸ் கேஸை வாபஸ் வாங்கச் சொன்னார். உடைந்தது அப்பாவின் கை. அவரிடம்தான் கேட்க வேண்டும் என்றேன்.

சாயங்காலம் அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்ன பாரதி, தயங்கி, “என்னம்மா வாங்கியாரட்டும்?” என்றார்.

“ஸ்பேனர் இல்லாம வாங்க, போதும்.”

அமலநாதனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசி வரி பாக்கி: நாளைக்குச் சாரத்துக்கு முதலில் போகும் டெம்போவை ஓட்டுபவர் பெயர். யாரை அனுப்புவது என்று பாய் விழித்தார். முதல் ஆளாகப் போக யாரும் தயாராக இல்லை. அப்பாவின் சாவி என் பையில் இருந்தது. பொம்பளைப் பிள்ளை அந்த ஹேண்டிலைத் தொடக்கூடாது என்பார் அவர். அவருக்குச் சொல்லாமல் போன வருஷமே லைசென்ஸ் எடுத்துவிட்டேன்.

வரியை நிரப்பி, நோட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பர்மிட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். படியிறங்கும்போது பாய் உரக்கப் படிப்பது கேட்டது. “எட்டு இருபத்திரண்டுக்கு அப்புறம்… மெரினா?”

நான் திரும்பவில்லை. வண்டிக்கு டீசல் போட வேண்டியிருந்தது.