ஈரமணல் பானை

"படிச்சதெல்லாத்தையும் அப்பா சாப்பிடேக்கைதான் கொட்டவேணுமே?"

"அவர் கேட்டவர், நான் சொன்னனான். பொய்யே சொல்லுறது, அம்மா?"

"பொய் சொல்லத் தெரியாட்டில் வாயை மூடிக்கொண்டெண்டாலும் இருந்திருக்கலாமெடி!"

குசினி அடுப்படியில் சௌந்தரநாயகியும் மகள் அம்பிகையும் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறி விழுந்தார்கள். பேராதனையிலிருந்து விடுமுறைக்கு வந்தவள், ஆய்வுகூடத்தில் கண்டதை மத்தியானம் தகப்பனுக்குக் கதையாகச் சொன்னாள். நாயின் கணையத்தில் குழாய் வைத்து ஒரு ஹோர்மோனை ஏற்றினால் நீர் சொட்டுச் சொட்டாக விழுமாம். வேறொரு மருந்தை ஏற்றினால் அந்தச் சொட்டு நின்றுவிடுமாம். சந்திரமௌலீசக் குருக்கள் சிரித்துக்கொண்டே, "அப்ப என்ரை இன்சுலின் எந்த நாயின்ரையடி?" என்று கேட்டார். "நாயில்லை அப்பா, மாட்டின்ரை கணையம்." அவர் இலையை மடித்துவிட்டு எழுந்துபோய்க் கிணற்றடியில் முழுகினார்.

நயினாதீவில் அவர்கள் வீட்டில் ஐஸ்பெட்டி ஏது? வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் சுவாமியறைதான். மூன்று வருஷமாக மருந்துப் போத்தலை ஈரமணல் பானைக்குள் புதைத்து, அம்பாள் படத்துக்குக் கீழே வைத்து வந்தவள் சௌந்தரநாயகி. தண்ணீர் தெளிக்கும்போது பானைமேல் ஒரு செவ்வரத்தம்பூவும் வைப்பாள். மருந்து வந்த முதல்நாள் அந்தப் போத்தலுக்கு விபூதி பூசியவர் குருக்கள்.

நாளைக்குப் பிள்ளையார் கோயில் கொடியேற்றம். காப்புக் கட்டப்போகிற கையில் இனி அந்த ஊசி ஏறாது என்று சொல்லிவிட்டார். போன மாரியில் கடல் கொந்தளித்து, மோட்டர்போட் ஓடாமல், மருந்து வந்து சேரவில்லை. அவருடைய மூச்சில் அழுகிய பழவாசம் அடித்ததையும், கூப்பிடக் கூப்பிட ஆள் அறியாமல் கிடந்ததையும் அவள் மறக்கவில்லை.

"கணையத்தைச் சுரக்கவைக்கிற குளிசை இருக்கெண்டனியே," குரல் இறங்கிக் கேட்டாள்.

"சுரக்க ஏதும் மிச்சம் இருக்கவேணும், அம்மா. அப்பாவுக்கு அது ஏலாது. வத்தின கிணத்திலை துலா மிதிச்சு என்ன?"

சௌந்தரநாயகி கொதிதண்ணீரிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டு சுவாமியறைக்குப் போனாள். ஈரமணலைக் கிளறிப் போத்தலை எடுத்து, மருந்தை ஊசியில் ஏற்றினாள். பிறகு விறாந்தைக்கு வந்து, ஈரவேட்டியோடு கதிரையில் இருந்தவர் முன்னால் நின்றாள். ஊசிமுனையில் ஒரு துளி விழாமல் நடுங்கியது.

அவர் அவளைப் பார்க்கவில்லை. "மூண்டு வருஷம் அதுக்குப் பூ வைச்சிருக்கிறீரே."

"ஓம். இப்பவும் வைச்சிட்டுத்தான் வாறன். கையை நீட்டுங்கோ."